முதுகெலும்பும் இடுப்பு வலியும்

"இடுப்பு கழண்டு விழுற மாதிரி இருக்குங்க ஐயா." லயங்களுக்குப் போகும்போது நாம் அதிகம் கேட்கும் பேச்சு இதுதான். கொழுந்து எடுக்கும் பெண்களும், கவ்வாத்து வெட்டும், கான் வெட்டும் ஆண்களும் இதையே சொல்கிறார்கள். இந்த வலி எப்படி வருகிறது என்று இம்முறை பார்ப்போம்.

நமது முதுகெலும்பு ஒரே எலும்பல்ல. கழுத்தில் 7, நெஞ்சுப் பக்கம் 12, இடுப்பில் 5 என்று சிறு எலும்புகள் அடுக்கப்பட்டுள்ளன. எலும்புகளுக்கு நடுவே மெத்தை போல தட்டுகள் உண்டு. பக்கத்தில் நரம்புகள் கிளம்பி கை கால்களுக்குப் போகின்றன.

1. தசைப்பிடிப்பு: குனிந்தபடி பாரம் தூக்கினால் தசை இழுபடும். பெரும்பாலான இடுப்பு வலி இவ்வகைதான். சில வாரங்களில் தானாகவே குறையும்.

2. தட்டு பிதுங்குதல்: பிதுங்கிய தட்டு நரம்பை அழுத்தும். அப்போது வலி பின்பக்கத்தில் தொடங்கி, கெண்டைக்கால், பாதம் வரை மின்சாரம் போல் இறங்கும். இதை வாதம் என்று நினைத்து காலுக்கு மட்டும் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு. வலிப்பது கால், கோளாறு இடுப்பில்.

3. தேய்மானம்: வயது ஏற ஏற தட்டும் மூட்டும் தேயும். காலையில் எழும்பும்போது இடுப்பு விறைத்திருக்கும்.

4. எலும்பு மெலிதல்: மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்பு பலம் குறையும். சிறிதாக வழுக்கி விழுந்தாலும் முதுகெலும்பு நசுங்கலாம்.

என்ன செய்யலாம்? பாரம் தூக்கும்போது முழங்காலை மடக்கி, சுமையை உடம்போடு அணைத்துத் தூக்குங்கள். தூக்கியபடி இடுப்பைத் திருப்ப வேண்டாம். கூடை நிரம்பி வழியும்வரை சுமக்காமல் இடையில் இறக்கிவிடுங்கள். வலி வந்தால் சுடுதண்ணீர் ஒத்தடம் கொடுங்கள். நாட்கணக்கில் படுத்தே கிடக்காமல் மெதுவாக நடமாடுங்கள். பிள்ளைகளை முதுகில் ஏறி மிதிக்கச் சொல்லாதீர்கள். கடையில் வலி மாத்திரை வாங்கி வெறும் வயிற்றில் போடாதீர்கள். குடல் புண் வரும்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். முதுகு வலியோடு சிறுநீர் போக முடியாமல் அல்லது அடக்க முடியாமல் போனாலோ, தொடை இடுக்கு மரத்துப்போனாலோ, கால் பலம் இழந்தாலோ, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். விடியட்டும், சம்பளம் வரட்டும் என்று காத்திருந்தால் அந்தக் குறை நிரந்தரமாகிவிடலாம். காய்ச்சலோடு வரும் முதுகு வலியையும், விழுந்தபின் வரும் வலியையும் தள்ளிப்போடாதீர்கள்.

இதை ஆண்களிடம் சொல்ல நமது பெண்கள் கூச்சப்படுகிறார்கள். அப்படியானால் மிட்வைப் அம்மாவிடம் சொல்லுங்கள். கூச்சம் ஒரு நாளோடு போகும்; கால் போனால் திரும்ப வராது.