பெயரோடு சேர்த்து வாசிக்கப்படும் ஜாதி

திருமலையில் தரிசன வரிசையில் நிற்பவரிடம் யாரும் ஜாதி கேட்பதில்லை. (கட்டணத்தைப் பொறுத்து வரிசைகள் பிரிவது வேறு விஷயம்.) தரிகொண்ட வெங்கமாம்பா அன்னப்பிரசாதக் கூடத்தில் பக்கத்து இலையில் உண்பவர் யார் என்பது எவருக்கும் தெரியாது. இதைப் பார்த்தே வளரும் திருப்பதி, சித்தூர்ப் பகுதி இளைஞர் ஒருவர், ஜாதி வேற்றுமை தாத்தா காலத்துக் கதை என்று எண்ணினால் அதில் வியப்பில்லை.

ஆயினும் அதே சித்தூர் மாவட்டத்தில், 2007-ஆம் ஆண்டு, திருமலை திருப்பதி தேவஸ்தானம் 'தலித கோவிந்தம்' என்ற நிகழ்ச்சியைத் தொடங்க வேண்டியிருந்தது. உற்சவ மூர்த்திகளுடன் அர்ச்சகர்கள் தலித் குடியிருப்புக்கே சென்று ஸ்ரீநிவாச கல்யாணம் நடத்தினர். சித்தூர் அன்றைய சென்னை மாகாணத்தில் இருந்தபோதே, 1947-இல் ஆலயப் பிரவேசச் சட்டம் நிறைவேறிவிட்டது. சட்டம் கதவைத் திறந்து அறுபது ஆண்டுகள் கழித்தும், இறைவன் தம் தெருவுக்கு வந்ததை ஒரு சாரார் புதுமையாகக் கண்டனர் என்றால், கதவு திறந்திருப்பதும் தயக்கமின்றி உள்ளே நுழைவதும் ஒன்றல்ல என்றே கொள்ள வேண்டும்.

ஒரே பெஞ்சில் அமர்ந்திருக்கும் இரு மாணவர்களில் ஒருவர் 'வேற்றுமை இல்லை' என்கிறார். மற்றவர் 'இருக்கிறது' என்கிறார். இருவரும் பொய் சொல்லவில்லை. தன் காலில் தைக்காத முள் ஒருவருக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான். தன் அனுபவத்தையே உலகத்தின் அனுபவமாகக் கொள்வது அறியாமை.

இது வெறும் மனத்தாங்கல்தானா? கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்ற இரு பொருளியல் அறிஞர்கள் உத்தரப் பிரதேசக் கிராமங்களில் இதை ஆராய்ந்து, முடிவுகளை 2004-இல் வெளியிட்டனர். உயர்ஜாதிச் சிறுவர்கள் 321 பேர், தாழ்த்தப்பட்ட ஜாதிச் சிறுவர்கள் 321 பேர். காகிதத்தில் வரைந்த சிக்கலான பாதையில் வழி கண்டுபிடிக்க வேண்டும். வெற்றிக்குப் பரிசுப் பணம் உண்டு. ஜாதி வெளிப்படாதபோது இரு சாராரும் ஏறத்தாழச் சமமாகவே செய்தனர். பின்னர் வேறு குழுக்களில், ஒவ்வொரு சிறுவனின் பெயரும் தந்தை பெயரும் ஜாதியும் அனைவர் முன்னிலையிலும் வாசிக்கப்பட்டன. புதிர் அதேதான், பரிசும் அதேதான். ஆனால் தாழ்த்தப்பட்ட ஜாதிச் சிறுவர்களின் வெற்றி வெகுவாகக் குறைந்தது.

யாரும் அவர்களைத் திட்டவில்லை, விலக்கவில்லை. பெயரோடு ஒரு சொல் சேர்த்து வாசிக்கப்பட்டது, அவ்வளவே. அறிவு எங்கும் போய்விடவில்லை. 'என்னை இவர்கள் எப்படி மதிப்பார்கள்' என்ற ஐயம் அதன்மேல் திரையாக விழுந்தது. அந்தத் திரையை நெய்தது சிறுவன் அல்லன்.

தமிழ்நாட்டில், 2023-இல் நாங்குநேரியில் பள்ளி மாணவர் ஒருவர் சக மாணவர்களால் வெட்டப்பட்டதை அடுத்து, நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒரு நபர் குழு அமைக்கப்பட்டது. 2024-இல் அது அளித்த அறிக்கையில் பலரும் கவனிக்காமல் கடந்த ஒரு பரிந்துரை உண்டு: வருகைப் பதிவேட்டில் ஜாதி விவரம் இருக்கக் கூடாது, உதவித்தொகை பற்றிய செய்தியை வகுப்பில் அறிவிக்காமல், மாணவரைத் தனியே அழைத்துச் சொல்ல வேண்டும்.