பெயாரிங் வண்டி கட்டுவோர் கவனத்துக்கு

1934இல் அமெரிக்காவின் டேட்டன் நகரில் ஆரம்பித்து, மறு வருஷமே அக்ரனுக்கு மாறிய சோப்புப்பெட்டி வண்டிப் பந்தயத்தை, மேடென்பதே அரிதான கல்முனைக் கரையிலும் நடத்த விரும்பும் பிள்ளைகள் பலகையால் ஒரு சாய்தளம் கட்டிக்கொள்ளலாம். ஒரு மீற்றர் உயரத்திலிருந்து இறங்கினாலே, உராய்வை ஒதுக்கிக் கணக்கிட்டால், மணிக்கு ஏறக்குறைய 16 கிலோமீற்றர் வேகம் கிட்டுமாதலால், அதற்கு மேல் ஆசை வேண்டாம்.

கராஜில் கழித்துப்போட்ட பெயாரிங்குகளில் உப்புக்காற்றின் துரு ஏறியிருக்குமாகையால், அவற்றை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, ஒவ்வொன்றாய் விரலிற் சுழற்றிப் பார்த்து, கரகரப்பு நீங்கியபின் எண்ணெய் விட்டு, சக்கரங்களாகப் பூட்டுக. முன்சட்டம் ஒரே போல்ட்டில் திரும்புவதாயின், நடுவே வாசரும், கழன்றுவிடாதிருக்க இரண்டு நட்டும் அவசியம். பாரம் தாழ்ந்திருக்கட்டும்.

ஒருவர் ஓட்ட, ஒருவர் மேலே பிடித்துவிட, மற்றொருவர் கீழே வீதிப் பக்கம் காவல் நிற்க வேண்டும்; பழைய டயர்த் துண்டால் செய்த பிரேக்கைச் சோதிக்குமுன் சின்னத் தம்பிமாரை ஏற்றுவதோ, வாப்பாமார் எவரும் அநுமதிக்கத் தகாத காரியம்.