குளியலறையும் குழாய் வழியும்

மனிதன் ஓரிடத்தில் நிலைத்து வாழத் தொடங்கிய நாள் முதலாக, நீரைத் தன் இல்லத்திற்குக் கொண்டுவரவும், பயன்படுத்திய நீரை இல்லத்தினின்று போக்கவும் வழி தேடி வந்துள்ளான். சிந்துவெளியில் நாலாயிரம் ஆண்டுகட்கு முன்னர்ச் செழித்திருந்த மொகஞ்சதாரோ நகரத்து வீடுகளில், செங்கல் பாவிய குளியல் தளங்கள் இருந்தன. அத்தளங்கள் நீர் தேங்காவண்ணம் சற்றே சரிவாக அமைக்கப்பட்டிருந்தன. வடிந்த நீர் வடிகால் வழியே வெளியேறித் தெருவிலிருந்த மூடிய கால்வாயை அடைந்தது. அவ்வீடுகளின் கூரைகள் மறைந்து போயின. ஆயினும் அந்த வடிகால்கள் அவற்றை அமைத்தோரின் முன்னறிவிற்கு இன்றும் சான்று பகர்கின்றன.

இக்காலத்தில் பழைய குளியலறையைப் புதுப்பிக்க எண்ணும் குடும்பத்தார் பலர், முதலில் கடைக்கே செல்கின்றனர். ஓடுகளின் நிறத்தையும், பீங்கான் தொட்டியின் வடிவையும், குழாய்த் திருகுகளின் பளபளப்பையும் கண்டு மகிழ்கின்றனர். ஆனால், குளியலறையின் உயிர் சுவருக்குள்ளும் தரைக்கு அடியிலும் மறைந்து கிடக்கும் குழாய்களில் உள்ளது. ஓட்டின் நிறம் பொருந்தாவிடின் கண்ணுக்கு மட்டுமே குறை. குழாயின் அமைப்புப் பொருந்தாவிடின், சுவர் ஓதம் காக்கும். கீழ்த்தளத்தின் கூரையில் நீர் கசியும். ஆசையோடு பதித்த ஓடுகளை மீண்டும் பெயர்த்தெடுக்க நேரும். அதனினும் பெரிய தீங்கும் உண்டு. அது வீட்டாரின் உடல்நலத்தைப் பற்றியது.

ஆகவே, சுவரை உடைக்கத் தொடங்குமுன் ஒரு தாளும் பென்சிலும் அளவு நாடாவும் கொண்டு வரைபடம் ஒன்றை வரைந்து கொள்ளுதல் வேண்டும். நீர்த்தொட்டி எங்குள்ளது, கழிவுக்குழாய் வீட்டின் எப்பக்கம் இறங்குகிறது, மலத்தொட்டி எங்கே அமையும், முகம் கழுவும் தொட்டி எங்கே நிற்கும் என்பனவற்றை அப்படத்தில் குறித்தல் வேண்டும். பின்னர்க் கொத்தனாரும் குழாய் வேலை செய்பவரும் மின்வேலை செய்பவரும் ஒருங்கே அமர்ந்து அதனைக் காண்பது நன்று. ஒருவர் பதித்ததை மற்றொருவர் உடைக்கும் வீண் செலவு இதனால் நீங்கும்.

குளியலறையில் இருவகை நீர் உண்டு. ஒன்று வரும் நீர். மற்றொன்று போகும் நீர். வரும் நீர் அழுத்தத்தால் ஓடுகிறது. போகும் நீர் சரிவால் ஓடுகிறது. இவ்வேறுபாட்டை உணர்ந்தவர்க்குத் திட்டமிடுதல் எளிது.

பத்து மீட்டர் உயரமுள்ள நீர், தன் அடியில் ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பின்மேல் ஏறத்தாழ ஒரு கிலோகிராம் எடை அளவிற்கு அழுத்தம் தருகிறது. மொட்டை மாடித் தொட்டியின் நீர்மட்டம், மேல்தளத்துக் குளியலறையின் ஷவருக்கு மூன்று மீட்டர் உயரத்தில் மட்டுமே இருப்பின், அங்குக் கிடைக்கும் அழுத்தம் அதில் பத்தில் மூன்று பங்கேயாகும். கீழ்த்தளத்தில் விசையோடு பாயும் நீர் மேல்தளத்தில் மெல்ல வடிவதற்கு இதுவே காரணம். தொட்டியை உயர்த்தி வைத்தும், அகன்ற குழாயை இட்டும், வளைவுகளைக் குறைத்தும் இக்குறையை ஓரளவு போக்கலாம். சாதாரணப் பி.வி.சி. குழாய் வெந்நீரின் சூட்டில் இளகுமாதலின், வெந்நீருக்கு அச்சூட்டைத் தாங்கும் சி.பி.வி.சி. குழாய் போன்றவற்றையே இடுதல் வேண்டும். குளியலறைக்கென்று தனியே ஒரு வால்வு வைப்பதும் இன்றியமையாதது. பழுது நேர்ந்தால், வீடு முழுவதற்கும் நீரை நிறுத்தாமல் அவ்வொரு வால்வை மட்டும் அடைத்து வேலையை முடிக்கலாம்.

போகும் நீருக்கு அழுத்தத்தின் துணை இல்லை. சரிவே அதன் துணை. மலக்கழிவைக் கொண்டு செல்லும் நூறு மில்லிமீட்டர்க் குழாயை நாற்பதுக்கு ஒன்று என்னும் சரிவில் இடுவது வழக்கம். மூன்று மீட்டர் நீளமுள்ள குழாயின் ஒரு முனை, மறுமுனையைவிட ஏழரைச் சென்டிமீட்டர் தாழ்ந்திருக்க வேண்டும் என்பது இதன் பொருள். இறங்கு குழாய் ஒரு மூலையிலும், மலத்தொட்டி நெடுந்தொலைவில் எதிர் மூலையிலும் அமையுமாயின், அத்தனை தாழ்விற்கும் தரையினடியில் இடம் வேண்டும். இடமில்லாதபோது, சிலர் சரிவைக் குறைத்துக் குழாயை ஒப்பேற்றி விடுகின்றனர். சில திங்களில் கசடு படிந்து குழாய் அடைத்துக் கொள்கிறது. மலத்தொட்டியை இறங்கு குழாயின் அருகிலேயே அமைப்பது எக்காலத்தும் நன்மை தரும்.

வரும் நீரும் போகும் நீரும் ஒருபோதும் கலத்தல் கூடாது. இவ்விதியின் அருமையை இலண்டன் மாநகரம் 1854-ஆம் ஆண்டில் பெருந்துன்பத்தின் வாயிலாகக் கற்றது. அந்நகரின் பிராட் தெருப் பகுதியில் காலரா பரவி 600-க்கு மேற்பட்டோர் மாண்டனர். ஜான் ஸ்னோ என்னும் மருத்துவர், இறந்தோர் வாழ்ந்த இடங்களை ஆராய்ந்து, அவருள் பெரும்பாலோர் அத்தெருவின் கைக்குழாய் நீரைப் பருகியவர் என்று கண்டார். அவருடைய வேண்டுகோளின்படி அக்குழாயின் கைப்பிடி கழற்றப்பட்டது. பின்னர்த் தோண்டிப் பார்த்தபோது, அருகிலிருந்த வீட்டின் மலக்குழி, கிணற்றிலிருந்து மூன்றடிக்கும் குறைவான தொலைவில் இருப்பதும், அதன் செங்கற்சுவர் சிதைந்து கசிவதும் தெரிய வந்தன.

இன்றைய வீடுகளிலும் இத்தகைய கலப்பு நேர இடமுண்டு. குடிநீர்க் குழாயைச் சாக்கடைக் குழாயின் அருகில் ஒரே பள்ளத்தில் இட்டால், இரண்டும் கசியும் நாளில் தீங்கு விளையும். குழாயில் மாட்டிய ரப்பர்க் குழலின் முனை அழுக்கு நீர் நிறைந்த வாளிக்குள் மூழ்கிக் கிடக்கும்போது நீர் வரத்து நின்றால், வெறுமையாகும் குழாய் அவ்வழுக்கு நீரைத் தனக்குள் உறிஞ்சிக் கொள்ளும். ஆதலின், குழாயின் வாய் தொட்டியின் விளிம்பிற்கு மேலே, காற்று நிற்கும் இடைவெளியோடு அமைதல் வேண்டும்.

கழிவுக்குழாயின் வழியே நீர் வெளியேறுகிறது. அவ்வழியே சாக்கடையின் தீய காற்றும் பூச்சிகளும் வீட்டிற்குள் திரும்பி வாராமல் தடுப்பது யாது? ஒரு சிறு வளைவும், அதில் தேங்கி நிற்கும் சிறிதளவு நீருமே. அலெக்சாண்டர் கம்மிங் என்னும் கடிகார வல்லுநர், 1775-ஆம் ஆண்டில் பாம்புபோல் வளைந்த குழாயோடு கூடிய கழிப்பறைக் கலனுக்கு இலண்டனில் காப்புரிமை பெற்றார். நீர் ஓடி முடிந்த பின்னும் வளைவின் அடியில் சிறிது நீர் எஞ்சி நின்று, காற்றின் வழியை அடைத்துவிடுகிறது. இன்று முகம் கழுவும் தொட்டியின் கீழும் தரை வடிகாலிலும் இதே முறை பயன்படுகிறது. தொழிலாளர் இதனை டிராப் என்றும், தரையில் அமைவதை நஹானி டிராப் என்றும் அழைப்பர். இவ்வளைவில் ஐந்து சென்டிமீட்டர் ஆழத்திற்கு நீர் நிற்றல் நன்று. பெருவேகத்தோடு இறங்கும் கழிவுநீர் இந்நீரையும் உடன் இழுத்துச் சென்றுவிடாதபடி, இறங்கு குழாயைக் கூரைக்கு மேல்வரை நீட்டிக் காற்றுப் புகும் வாயில் வைப்பர்.

அச்சிறிதளவு நீர் இல்லாமற்போனால் நேரும் இடரை ஹாங்காங் நகரம் 2003-ஆம் ஆண்டில் கண்டது. அங்குச் சார்ஸ் என்னும் கொடிய நோய் பரவியபோது, அமாய் கார்டன்ஸ் என்னும் அடுக்குமாடிக் குடியிருப்பில் மட்டும் 300-க்கு மேற்பட்டோர் நோயுற்றனர். வல்லுநர் ஆராய்ந்ததில், குளியலறைத் தரை வடிகால்களின் வளைவு நீர் வற்றியிருந்தது முதன்மையான காரணங்களுள் ஒன்றாகக் கருதப்பட்டது. அங்குள்ளோர் தரையில் நீரூற்றிக் கழுவாமல் துடைத்தே வந்தமையால், வளைவுகள் வறண்டு கிடந்தன. காற்றை வெளியேற்றும் மின்விசிறிகள் சுழன்றபோது, கழிவுக்குழாயில் இருந்த நோய்க்கிருமி கலந்த நுண்துளிகள் அவ்வழியே வீடுகளுக்குள் ஈர்க்கப்பட்டன. காவலன் இல்லாத வாயிலில் பகைவன் நுழைவது எளிதன்றோ? நெடுநாள் பூட்டிக் கிடந்த வீட்டைத் திறப்போரும், பயன்படாத குளியலறையை உடையோரும், வடிகாலில் ஒரு செம்பு நீர் ஊற்றினால் போதும். காவல் மீண்டும் நிலைபெறும்.

குழாய்களைப் பதித்த பின்னரும் விரைதல் கூடாது. நீர்க்குழாய்களின் வாய்களை அடைத்து, அழுத்தத்துடன் நீரை நிரப்பி, இணைப்புகளில் கசிவு உண்டா என்று சோதித்தல் வேண்டும். தரையில் நீர்க்காப்புப் பூச்சு இட்டு உலர்ந்தபின், வடிகாலை அடைத்து, ஒரு நாளேனும் நீரைத் தேக்கி வைத்துக் கீழ்த்தளத்தில் ஈரம் தோன்றுகிறதா என்று பார்த்தல் வேண்டும். இவ்விரு சோதனைகளிலும் தேறிய பின்னரே ஓடுகளைப் பதித்தல் முறை. சுவரை மூடுமுன் குழாய்கள் செல்லும் இடங்களைப் படமெடுத்து அளவுகளோடு பேணி வைத்தால், பிற்காலத்தில் ஆணி அடிப்பவர்க்கும் பழுது பார்ப்பவர்க்கும் அது பேருதவியாகும்.

வேலை முடிந்து, விருந்தினர் வந்து குளியலறையைக் காணும்போது, அவர் போற்றுவது ஓட்டின் அழகையே. சரிவின் கணக்கையோ, வளைவில் நிற்கும் நீரையோ, மண்டியிட்டு அவற்றை அமைத்த தொழிலாளியின் கைத்திறனையோ எவரும் காண்பதில்லை. ஆயினும் அவ்வீட்டுக் குழந்தைகள் நோயின்றி வளர்வதற்கு அம்மறைந்த வேலையும் ஒரு காரணம். புறத்தே தோன்றாத பணியையும் பழுதறச் செய்பவரே உண்மைத் தொழில் வல்லார். அவர் கைவண்ணம் சுவருக்குள் மறைந்து நின்று, அவரை அறியாத பலரையும் நெடுங்காலம் காத்து வருகிறது.