இணையப் பெயரைத் தேர்ந்தெடுத்தலும் பதிவு செய்தலும்



மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குச் செல்லும் மல்லிகை, விளைவித்தவரின் பெயரால் அறியப்படுவதில்லை. கமிஷன் கடையின் பெயரே அதன் பெயராகி விடுகிறது. வண்டியூரிலும் அதைச் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் பூ, நாற்று, செக்கு எண்ணெய், அரிசி முதலியவற்றை வாங்குவோருக்கு நேரடியாக விற்க விரும்புவோர், செல்போன் எண்ணை மட்டும் நம்பியிருந்தால் போதாது. எண் மாறினால் வாடிக்கையாளரும் போய்விடுவார். சமூக வலைத்தளப் பக்கம் இலவசம்தான். ஆயினும் அது பிறர் இடத்தில் போட்ட பந்தல். தொழிலுக்கெனச் சொந்தமாக ஓர் இணையப் பெயர் இருந்தால் எண், கடை, ஊர் எது மாறினாலும் வாங்குபவர் தேடி வர முடியும். 'டொமைன்' என்று கம்ப்யூட்டர் கடைகளில் சொல்வது இதைத்தான்.

இணையத்தில் ஒவ்வொரு கம்ப்யூட்டரும் எண்ணால் அறியப்படுகிறது. எண்களை நினைவில் வைப்பது கடினமாகையால், பெயரைச் சொன்னால் எண்ணைக் கண்டுபிடித்துத் தரும் முறையை 1983-ல் பால் மோக்கபெட்ரிஸ் என்ற அமெரிக்க அறிஞர் வகுத்தார். பெயரை வலமிருந்து இடமாகப் படித்தால் எளிதில் விளங்கும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பெயர் 'டிஎன்ஏயூ டாட் ஏசி டாட் இன்'. இதில் 'இன்' என்பது இந்தியா. 'ஏசி' என்பது கல்வி நிறுவனம். 'டிஎன்ஏயூ' என்பது பல்கலைக்கழகம். மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண் என்று நிலத்தை அடையாளம் காண்பது போன்றதே இது. 'ஏசி டாட் இன்' கல்வி நிறுவனங்களுக்கும், 'கவ் டாட் இன்' அரசுக்கும் மட்டுமே உரியவை. நமக்குப் பொருந்துபவை டாட் இன், டாட் கோ டாட் இன், டாட் காம் ஆகியவை.

பெயர் தேர்வு

நல்ல பெயர் என்பது போனில் ஒருமுறை சொன்னால் கேட்பவர் பிழையின்றி எழுதக்கூடிய பெயர். தமிழ்ப் பெயர்களை ஆங்கில எழுத்தில் எழுதும்போதுதான் தொல்லை வருகிறது. 'வண்டியூர்' என்பதில் வரும் 'யூ' என்ற ஓசையை ஒருவர் ஒய், யூ என்று எழுதுவார். மற்றவர் ஒய் போட்டு இரண்டு ஓ சேர்ப்பார். 'மல்லி' ஒருவருக்கு ஐ எழுத்தில் முடியும், இன்னொருவருக்கு ஒய் எழுத்தில். 'வாழை', 'உழவு', 'பழம்' ஆகியவற்றிலுள்ள ழகரத்தை இசட், எச் என்று எழுதுவோரும் உண்டு. வெறும் எல் என்று எழுதுவோரும் உண்டு. ழகரம் அழகுதான், ஆனால் இணையப் பெயருக்கு ஆகாது. பதிவு செய்யுமுன் அந்தப் பெயரை ஐந்து பேரிடம் வாயால் சொல்லி எழுதச் சொல்லுங்கள். இருவர் வேறுவிதமாக எழுதினால் வேறு பெயர் தேடுங்கள். அல்லது இரண்டு விதமாகவும் பதிந்து கொள்ளுங்கள்.

ஒரு பகுதிக்கு 63 எழுத்துகள் வரை இடமுண்டு என்றாலும் பத்துப் பன்னிரண்டு எழுத்துகளே போதும். இடைவெளி கூடாது. சிறு கோடு இடலாம். முதலிலும் முடிவிலும் கூடாது. ஆனால் கோட்டைப் போனில் விளக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். இன்று மல்லிகை சாகுபடி செய்பவர் நாளை முருங்கைக்கு மாறலாம் என்பதால், ஒரே பயிரின் பெயரோடு தொழிலைக் கட்டிவிடுவதும் நல்லதன்று.

தமிழ் எழுத்திலேயே முடியும் 'டாட் இந்தியா' என்ற பெயரும் உண்டு. இதைப் பெறலாம்; ஆனால் சில மின்னஞ்சல் சேவைகள் இத்தகைய முகவரியை ஏற்பதில்லை. ஆகையால் இதை இரண்டாவது பெயராக வைத்துக் கொள்வதே உகந்தது.

பிறர் பெயரைத் தொடக்கூடாது

பதிவுக்குப் பெயர் காலியாக இருப்பதாலேயே அது நமக்கு உரிமையாகி விடாது. சென்னையைச் சேர்ந்த சத்யம் இன்ஃபோவே நிறுவனம் 'சிஃபி' என்ற சொல்லை உருவாக்கி, 1999-ல் அதைக் கொண்ட இணையப் பெயர்களைப் பதிந்தது. பின்னர் வேறொரு நிறுவனம் நடுவில் ஓர் எழுத்தைக் கூட்டி ஏறக்குறைய அதே பெயரைப் பதிந்து தொழில் நடத்தியது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. இணையப் பெயர் வெறும் முகவரியன்று, வணிகச் சின்னத்தைப் போல் பாதுகாக்கத்தக்கது என்று 2004 மே மாதத்தில் தீர்ப்பாகி, பிந்தி வந்த நிறுவனத்துக்குத் தடை விதிக்கப்பட்டது.

நம் பகுதிக்கு இன்னொன்றும் உண்டு. 'மதுரை மல்லி' 2013-ல் புவிசார் குறியீடு பெற்றது. இப்பெயர் தனி ஒருவருக்கு உரியதன்று. இப்பகுதியில் விளைவிப்போர் அனைவருக்கும் பொது. இதை இணையப் பெயராகப் பதிந்தவர் அதற்கு உரிமையாளராகி விடமாட்டார். விளைவிப்போர் சென்னையிலுள்ள புவிசார் குறியீட்டுப் பதிவகத்தில் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிந்து கொள்ளலாம். அதனுடன் தமக்கென்று தனிப்பெயர் ஒன்றையும் வைத்துக் கொள்ள வேண்டும்.

பதிவு செய்யும் முறை

டாட் இன் பெயர்களை நிக்சி எனப்படும் இந்திய தேசிய இணைய இணைப்பகம் நிர்வகிக்கிறது. பதிவு, அது அங்கீகரித்த நிறுவனங்கள் வழியாக நடைபெறுகிறது. இப்பதிவு கிரயம் அன்று, குத்தகை. ஓராண்டு முதல் பத்தாண்டு வரை பணம் கட்டலாம். முதலாண்டுக் கட்டணத்தைக் குறைத்துக் காட்டி மறு ஆண்டு உயர்த்துவது வழக்கமாதலால், புதுப்பிக்க எவ்வளவு என்று முதலிலேயே கேளுங்கள். பெயர் வேறு, இணையதளம் வேறு; இரண்டுக்கும் தனித்தனிக் கட்டணம் உண்டு.

யாவற்றிலும் முக்கியமானது பதிவு யார் பெயரில் உள்ளது என்பது. தளம் அமைத்துத் தருபவர் "நானே எல்லாம் பார்த்துக்கொள்கிறேன்" என்று தம் பெயரிலும் தம் மின்னஞ்சலிலும் பதிந்து விடுவதுண்டு. பட்டா அவருடையது, பயிர் நம்முடையது என்றால் அறுவடை யாருக்கு? அட்டைப்பெட்டியிலும் பில் புத்தகத்திலும் அச்சிட்ட பெயரை மூன்றாண்டு கழித்து அவரிடமே விலை பேசி வாங்க நேரிடும். பணம் கட்டுமுன் உரிமையாளர் என்ற இடத்தில் உங்கள் பெயரும், உங்கள் மின்னஞ்சலும், உங்கள் செல்போன் எண்ணும் இருக்கின்றனவா என்று பாருங்கள். கடவுச்சொல்லை நீங்களே வைத்திருங்கள். உற்பத்தியாளர் குழுவானால் குழுவின் பெயரிலேயே பதிந்து, விவரத்தைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். செயலாளர் மாறும்போது கடவுச்சொல்லையும் மாற்றுங்கள்.

கெடு தவறினால் பெயர் உடனே போய்விடாது. டாட் காம் பெயராயின், பதிவு நிறுவனம் தரும் சில நாள் தவணைக்குப் பிறகு, கூடுதல் கட்டணத்தில் மீட்க 30 நாளும், அதன்பின் 5 நாளும் கழிந்தே பொதுவுக்கு வரும். அந்த 5 நாளில் மீட்க முடியாது. கெடு நெருங்கும் சமயத்தில் போலி நினைவூட்டல்களும் வரக்கூடும். மின்னஞ்சலில் உள்ள இணைப்பைத் தொடாமல், பதிவு செய்த நிறுவனத்தின் தளத்துக்கு நேரே சென்று பணம் கட்டுங்கள். கெடு தேதிக்கு ஒரு மாதம் முந்திய நாளை, கூட்டுறவுக் கடன் தவணையைக் குறிக்கும் அதே காலண்டரில் குறித்து வையுங்கள்.