ஏரிக்கரை நரியும் விடியற்காலைப் பாவும்

ராத்திரியில் ஏரிக்கரைப் பக்கம் நரி ஊளையிடுகிறது, கூண்டிலிருந்த கோழி இரண்டைக் காணோம், விடிவதற்கு முன் தெருவில் பாவு (தறிக்கான நெடுக்கு இழை) நீட்டப் போகிறவர்கள் பயப்படுகிறார்கள், என்ன செய்வது என்று முள்ளிப்பட்டிலிருந்து ஒரு நெசவாளர் குடும்பம் கேட்டிருக்கிறது. ஆரணியைச் சுற்றியுள்ள மற்ற ஊர்களுக்கும் பயன்படும் என்பதால் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில், வந்தது நரிதானா என்று பாருங்கள். நரி நாட்டுநாயைவிடச் சற்றுச் சிறியது, எடை 8 முதல் 11 கிலோ வரை இருக்கும். வால் புசுபுசுவென்று, நுனி கறுத்து, கீழ்நோக்கித் தொங்கும். தெருநாய்போல வாலைச் சுருட்டி மேலே தூக்காது. கோழியின் தலையை மட்டும் கடித்துப் போட்டுவிட்டுப் போயிருந்தால் கீரி, மரநாய் மேல் சந்தேகப்படலாம். நரி பெரும்பாலும் கோழியைத் தூக்கிக்கொண்டே போய்விடும். பகலில் கோழி போனால் ஊர்நாயை விசாரிப்பதுதான் நியாயம்.

நரி ஊரைத் தேடி வருவதற்குக் காரணம் தீனி. அதன் இயல்பான சாப்பாடு வயல் எலி, நண்டு, செத்த பிராணி, இலந்தைப்பழம். ஆரணி நெல்லுக்குப் பேர்போன வட்டாரம். அங்கே எலியைத் தின்கிற ஒரு பிராணி விவசாயிக்கு வேண்டிய பிராணிதான். ஆனால் கோழிக்கடைக் கழிவைச் சாக்கில் கட்டி ஏரி உள்வாயில் வீசினால், எலிக்காக அது ஏன் அலைய வேண்டும்? அமெரிக்காவின் சிகாகோ நகரில் நரிக்கு உறவான கயோட்டி என்ற பிராணியை 2000-ஆம் ஆண்டு முதல் கழுத்துப்பட்டை மாட்டி ஆராய்ந்து வருகிறார்கள். அத்தனை பெரிய நகரத்துக்குள்ளேயே வாழ்ந்தாலும் பெரும்பாலானவை மனிதர் கண்ணில் படாமல் ஒதுங்கித்தான் போகின்றன. மனிதர் கையால் தீனி கிடைக்கிற இடத்தில்தான் அவற்றுக்குப் பயம் விட்டுப்போகிறது. நம் ஊர் நரிக்கும் அதே புத்திதான். அதனால் கறிக்கடைக்காரரிடமும் ஊராட்சியிலும் முதலில் பேசுங்கள். கழிவை ஆழக் குழி தோண்டிப் புதைத்து மண் மூட வேண்டும். கல்யாண வீட்டு எச்சில் இலைக்கும் இதே ஏற்பாடுதான். இதைச் செய்யாமல் மற்றதெல்லாம் செய்தாலும் நரி திரும்ப வரும்.

அடுத்தது கோழிக்கூண்டு. மெல்லிய அறுகோணக் கம்பிவலை கோழியை உள்ளே வைக்க உதவும், நரியைத் தடுக்காது. பற்றவைத்த கனமான கம்பிவலை போடுங்கள். நரி கதவை விட்டுவிட்டு அடியில் மண்ணைப் பறித்து நுழையும். எனவே வலையை ஓர் அடி ஆழத்துக்கு மண்ணுக்குள் இறக்குங்கள், அல்லது வெளிப்பக்கமாக ஓர் அடி மடித்துப் பரப்பி மேலே கல் அடுக்குங்கள். பொழுது சாயும் முன் கோழிகளை அடைத்துவிட வேண்டும். ஆட்டுக்குட்டிகளைத் திறந்த பட்டியில் விடாமல் கூரைக்குள் கட்டுங்கள்.

இனி பாவு நீட்டுகிறவர்களுக்கு. வெயில் ஏறுமுன் வேலையை முடிக்க வேண்டும், இருட்டிலேயே தெருவில் இறங்கித்தான் ஆக வேண்டும். நரி நடமாடுவதும் அந்நேரத்தில்தான். இரண்டு பேராகப் போங்கள், கையில் டார்ச்சும் ஒரு கழியும் இருக்கட்டும். நீட்டிக் கட்டிய பட்டுப் பாவுக்குள் நரியோ நாயோ பாய்ந்தால் இழை அறுந்து அன்றைய வேலையே போகும் என்பதால், ஒருவர் தெருமுனையைப் பார்த்துக்கொண்டிருப்பது நல்லது. நரி எதிர்ப்பட்டால் ஓடாதீர்கள். கையை உயர்த்திச் சத்தம் போடுங்கள், தட்டையோ தகரத்தையோ தட்டுங்கள். அது தப்பிப் போக ஒரு வழி இருக்க வேண்டும். சுவரோரம் மடக்கினால் எந்தப் பிராணியும் கடிக்கும். சின்னப் பிள்ளைகளை அந்நேரத்தில் தனியே வெளியே அனுப்பாதீர்கள்.

பட்டப்பகலில் தள்ளாடி நடக்கிற, எச்சில் வடிக்கிற, காரணமில்லாமல் பாய்கிற நரி என்றால் விஷயம் வேறு. வெறிநோயாக இருக்கலாம். கிட்டே போகாமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

கடி பட்டால் ஒரு நிமிடமும் வீணாக்கக் கூடாது. ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் காயத்தைக் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் வைக்க வேண்டாம், இறுக்கிக் கட்டவும் வேண்டாம். உடனே அரசு மருத்துவமனைக்குப் போங்கள், ஊசி இலவசம். காட்டு விலங்குக் கடியை மூன்றாம் வகை, அதாவது கடுமையான கடியாகவே எடுத்துக்கொள்வார்கள். எனவே தடுப்பூசியோடு, காயத்தைச் சுற்றிப் போடுகிற இம்யூனோகுளோபுலின் மருந்தையும் கேட்டுப் பெறுங்கள். தோலுக்குள் போடும் ஊசி முதல் நாள், அதன்பின் 3, 7, 28-ஆம் நாள்களில் வரும். காயம் ஆறிவிட்டது என்று நடுவில் நிறுத்திவிடாதீர்கள். நோய்க்குறி தோன்றிய பிறகு காப்பாற்ற அநேகமாக வழியே இல்லை. கர்ப்பிணிகளும் தயங்காமல் போட்டுக்கொள்ளலாம். இழையும் ஜரிகையும் அறுத்த கீறல் தறிக்காரர் விரலில் எப்போதும் இருக்கும். அந்தக் கையில் நரியின் எச்சில் பட்டாலும் கடிபட்டதாக நினைத்தே மருத்துவரிடம் போக வேண்டும்.

கோழிக்கறியில் குருணை மருந்தைக் கலந்து வைக்கலாமா என்று யாராவது யோசனை சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். அதைத் தின்று ஊர்நாயும் மயிலும் கீரியும் சாகும், குழந்தை கையில் எடுத்தாலும் எடுக்கும். நரி சாகிறதோ இல்லையோ, இவை சாவது நிச்சயம். தவிர, 2022-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் நரி வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. கொன்றால் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை, 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம். 2020-இல் திருச்சி ஜீயபுரம் பக்கம் இறைச்சியில் வெடி வைத்து ஒரு நரியைக் கொன்றதற்காக 12 பேர் கைதானார்கள். சேலம் வாழப்பாடி வட்டாரத்தில் பொங்கலுக்கு வங்கா நரி என்கிற சிறிய நரி இனத்தைப் பிடித்து ஊருக்குள் ஓட்டும் பழக்கத்துக்கும் வனத்துறை அபராதம் போட்டிருக்கிறது. அதிர்ஷ்டம் என்று நரிக்கொம்பு விற்கிறவரிடம் காசு கொடுக்காதீர்கள். நரிக்குக் கொம்பே கிடையாது, அதை வைத்திருப்பதும் வழக்கில்தான் கொண்டுபோய் விடும்.

மாட்டையோ ஆட்டையோ நரி கடித்திருந்தால் அன்றே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள், கடித்த பிறகும் போடுகிற ஊசி அவற்றுக்கும் உண்டு. மருத்துவர் சொல்லும்வரை அந்த மாட்டின் பாலைக் கறந்து குடிக்க வேண்டாம். காயத்தைக் கழுவும்போது கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.