முற்பிதாக்களின் கதைகளை நமக்காக வாசிக்கும்போது

ஆதியாகமம் 12-ஆம் அதிகாரத்தில் ஆபிராம் ஆரானை விட்டுப் புறப்படுகிறார். 50-ஆம் அதிகாரத்தில் யோசேப்பு எகிப்தில் மரிக்கிறார். இடையில் நடக்கும் நான்கு தலைமுறைக் கதையை ஓய்வுநாள் பள்ளியிலேயே கேட்டுவிட்டோம். அதனாலேயே வளர்ந்த பிறகு அதை நிதானமாக வாசிப்பதில்லை. தெரிந்த கதைதானே என்று தாண்டிப் போகிறோம். குடும்ப ஜெபத்திலோ தனித் தியானத்திலோ இந்த 39 அதிகாரங்களை மறுபடி எடுக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

செய்ய வேண்டியவை

வயதைக் குறித்துக்கொண்டே வாசியுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் இதைச் சொல்லக் காரணம் உண்டு. ஆபிரகாம் புறப்பட்டபோது வயது 75. ஈசாக்கு பிறந்தபோது 100. வாக்குத்தத்தம் கைக்கு வர 25 வருடம் ஆயிற்று. 16-ஆம் அதிகாரத்தின் கடைசி வசனத்தில் அவருக்கு 86 வயது, அடுத்த வசனத்தில் 99. பக்கம் புரட்டுவதற்குள் 13 வருடம் ஓடிவிடுகிறது. அந்த 13 வருடத்தில் தேவன் அவரோடு பேசியதாக ஒரு சொல்கூடப் பதிவாகவில்லை. ஈசாக்கு 40 வயதில் மணம் முடித்து, 60 வயதில்தான் பிள்ளைகளைக் கண்டார். 17 வயதுப் பையனாக நாம் சந்திக்கும் யோசேப்பு, பார்வோன் முன்னால் நிற்கும்போது 30 வயதுக்காரர். பானபாத்திரக்காரரின் தலைவன் அவரைச் சிறையில் மறந்துபோன இரண்டு வருடமும் இதற்குள் அடக்கம். இந்த எண்களை வேதாகமத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதி வையுங்கள். ஜெபத்துக்குப் பதில் வராதபோது, தன் விசுவாசத்தில்தான் குறை என்று தன்னையே நொந்துகொள்கிறவர் நம் எல்லாச் சபைகளிலும் இருக்கிறார். அவருக்கு முதலில் காட்ட வேண்டியவை இவைதான்.

ஓரமாக நிற்பவர்களையும் பாருங்கள். வேதாகமத்தில் கர்த்தருடைய தூதனானவர் முதன்முதலாகத் தரிசனமாவது ஆபிரகாமுக்கு இல்லை. சூருக்குப் போகும் வழியில், ஒரு நீரூற்றின் அருகே, எஜமானியின் கடுமை தாங்காமல் ஓடிவந்த எகிப்திய அடிமைப்பெண் ஆகாருக்கு. தன்னைக் காண்கிறவர் என்று தேவனுக்குப் பெயர் சூட்டியவரும் அவரே. வீட்டில் வேலைக்கு ஆள் வைத்திருப்பவர்கள் இந்த அதிகாரத்தைச் சாராளின் பக்கமிருந்து மட்டும் வாசிக்கக் கூடாது. லேயாளையும் கவனியுங்கள். கணவனின் அன்பு கிடைக்காதவர். ஆனால் இயேசுவின் வம்சவரிசை அவர் மகன் யூதாவின் வழியாகத்தான் வருகிறது. யாக்கோபு தன்னை அடக்கம்பண்ணச் சொன்ன குகையிலும் ஏற்கெனவே லேயாள்தான் அடக்கம் செய்யப்பட்டிருந்தார்.

சின்னச் சம்பவங்களில் நின்று போங்கள். மோரியா மலையைப் பற்றி எத்தனையோ பிரசங்கங்கள் கேட்டிருப்போம்; 26-ஆம் அதிகாரத்துக் கிணறுகளைப் பற்றி அதிகம் கேட்டதில்லை. பெலிஸ்தர் மண் போட்டுத் தூர்த்த தகப்பனின் கிணறுகளை ஈசாக்கு மறுபடி தோண்டினார். பிறகு புதிதாகத் தோண்டிய கிணற்றுக்கு கேராரின் மேய்ப்பர்கள் உரிமை கொண்டாடினார்கள். விட்டுவிட்டு வேறொன்று தோண்டினார். அதற்கும் சண்டை. மூன்றாவதுக்கு யாரும் வரவில்லை, அதற்கு ரெகொபோத் என்று பெயரிட்டார். இதில் ஒன்றை மறக்கக் கூடாது: ஈசாக்கு தங்களைவிடப் பலத்தவர் என்று அந்த நாட்டு ராஜாவே ஒப்புக்கொண்டிருந்தார். பலம் உள்ளவர் விட்டுக்கொடுத்த கதை இது. ஏழைத் தம்பியைப் பங்கு கேட்காதே என்று அடக்க இதை எடுக்காதீர்கள். அண்ணன் தனக்குத்தானே வாசித்துக்கொள்ளட்டும்.

செய்யக்கூடாதவை

அவர்கள் செய்ததெல்லாம் முன்மாதிரி என்று எண்ணாதீர்கள். ஆபிரகாம் எகிப்திலும் கேராரிலும் மனைவியைச் சகோதரி என்று சொல்லித் தன் உயிரைக் காத்துக்கொண்டார். ஈசாக்கும் அதே கேராரில் அதையே செய்தார். யாக்கோபு வெள்ளாட்டுக்குட்டியின் தோலைக் கையில் போர்த்திக் கண் மங்கிய தகப்பனை ஏமாற்றினார். பல வருடம் கழித்து, அவர் பிள்ளைகள் யோசேப்பின் அங்கியை வெள்ளாட்டின் இரத்தத்தில் தோய்த்து அவரை ஏமாற்றினார்கள். ஆதியாகமம் பெரும்பாலும் தீர்ப்புச் சொல்வதில்லை. பின்னால் என்ன நடந்தது என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். இரண்டு மனைவியர், ஒரு செல்லப்பிள்ளை என்று அந்த வீட்டில் நடந்ததற்கெல்லாம் இது பொருந்தும்.

ஆபிரகாமின் ஆசீர்வாதத்தைச் சொத்துக் கணக்காக்காதீர்கள். அவருக்கு ஆடுமாடு, வெள்ளி, பொன் நிறைய இருந்தது உண்மை. ஆனால் வாக்குப்பண்ணப்பட்ட தேசத்தில் அவர் கிரயம் கொடுத்து வாங்கிய நிலம், சாராளை அடக்கம்பண்ண 400 சேக்கல் வெள்ளிக்கு எபிரோனில் வாங்கிய மக்பேலா நிலமும் அதிலுள்ள குகையும்தான். புத்தாண்டு ஆராதனையில் எடுக்கும் வாக்குத்தத்த அட்டையை இதை மனதில் வைத்து வாசியுங்கள்.

மோரியாவைத் துக்கவீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் ஆபிரகாமைப் போல ஒப்புக்கொடுங்கள் என்று சொல்வது கொடுமை. அந்த மலையில் பிள்ளை சாகவில்லை. ஓங்கிய கை தடுக்கப்பட்டது.

யோசேப்பைக் காட்டி யாரையும் மன்னிக்கும்படி நெருக்காதீர்கள். தானியம் வாங்க வந்த சகோதரரை யோசேப்பு உடனே அடையாளம் கண்டுகொண்டார், ஆனாலும் அன்றைக்கே கட்டித்தழுவவில்லை. கடினமாகப் பேசினார், சோதித்தார், தனியே போய் அழுதார். பென்யமீனுக்குப் பதிலாக நான் அடிமையாக இருக்கிறேன் என்று யூதா முன்வந்த பிறகுதான் தன்னை வெளிப்படுத்தினார். தம்பியை விற்கலாம் என்று யோசனை சொன்னவரும் அதே யூதாதான். யாக்கோபு எகிப்தில் 17 வருடம் வாழ்ந்து மரித்தார். அத்தனை காலம் யோசேப்பின் கையால் சாப்பிட்ட பிறகும், தகப்பன் போய்விட்டார், இனிப் பழிவாங்குவான் என்று சகோதரர் பயந்தார்கள். அவர்கள் நினைத்த தீமையைத் தேவன் நன்மையாக முடியப்பண்ணினார் என்று யோசேப்பு சொன்னது அந்த இடத்தில்தான். அதைச் சொல்லும் உரிமை குழியில் போடப்பட்டவருக்கு மட்டுமே உண்டு. போட்டவர்கள் சொன்னால் அது சாக்கு. வேடிக்கை பார்த்தவர்கள் சொன்னால் அது இரக்கமின்மை.

சொந்த வீட்டாராலேயே காயப்பட்ட ஒருவர் உங்கள் சபையில் இருந்தால், 50-ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொண்டு அவரிடம் போகாதீர்கள். 37-இலிருந்து அவரோடு உட்கார்ந்து வாசியுங்கள்.