வட்டாரக் கூட்டில் நாம் சேருவதா?



ஒரு நாடு அயல் நாடுகளோடு பொருளாதாரக் கூட்டில் சேரலாமா என்பது கொழும்பில் இருப்போர் பேசவேண்டிய விடயம் என்று எண்ணி இப்பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். விசுவமடுவில் மிளகாய் நட்டவருக்கு இக்கேள்வி புதிதல்ல.

1970 தொடக்கம் 1977 வரை ஆண்ட சிறிமாவோ பண்டாரநாயக்க அரசு மிளகாய், வெங்காயம் முதலியவற்றின் இறக்குமதியை இறுக்கிப் பிடித்தது. முத்தையன்கட்டிலும் விசுவமடுவிலும் காடு வெட்டிக் குடியேறிய படித்த வாலிபர்கள் செத்தல் மிளகாய் விற்றுத் தலைநிமிர்ந்தார்கள். 1977இல் வந்த ஜே. ஆர். ஜயவர்த்தன அரசு கதவைத் திறந்தது. கப்பலில் வந்து இறங்கிய மிளகாயோடு போட்டியிட முடியாமல் எத்தனையோ தோட்டக்காரர் நொந்துபோனார்கள். அப்படியானால் கதவடைப்பே நல்லதென்பீர்களோ? அந்த ஏழாண்டுகளில் பாணுக்கும் புடைவைக்கும் வரிசையில் நின்ற தாய்மாரையும் கேட்டுப் பாருங்கள்.

1967இல் ஐந்து நாடுகள் பாங்கொக்கில் ஆசியான் அமைப்பைத் தொடங்கியபோது நாம் சேரவில்லை. 1981இல் சேர விரும்பியபோது இடம் கிடைக்கவில்லை. 1985 டிசம்பர் 8ஆம் திகதி டாக்காவில் பிறந்த சார்க் அமைப்போ இந்திய, பாகிஸ்தான் பகையில் முடங்கியது. 2016இல் இஸ்லாமாபாத்தில் நடக்கவிருந்த உச்சி மாநாடும் நின்றுபோயிற்று. பின்னர், 2023இல், ஆர்செப் என்னும் பெருங்கூட்டில் சேர இலங்கை விண்ணப்பித்தது. ஆசியான் நாடுகள் பத்தோடு சீனா, யப்பான், தென்கொரியா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகியனவும் அதில் உள்ளன. இந்தியா 2019இல் விலகிக்கொண்டது. தன் பால் பண்ணைக்காரரும் சிறு உழவரும் தாங்கமாட்டார்கள் என்பது அதன் காரணங்களுள் ஒன்று.

கூட்டென்றாலே கெடுதி என்பதும் சரியன்று. கத்தோலிக்கரான றொபேட் சூமன் 1950இல் பிரான்சின் நிலக்கரியையும் உருக்கையும் ஜேர்மனியினதோடு ஒன்றாக்கச் சொன்னது சந்தை பெருக்க மட்டுமல்ல. மீண்டும் போர் மூளாதிருக்கவுமே. 2009இன் பின் வாழும் வன்னி மக்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. போருக்குப் பின் கிளிநொச்சியில் எழுந்த ஆடைத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் நம் பிள்ளைகளின் சம்பளமும் வெளிச் சந்தை திறந்திருப்பதைப் பொறுத்ததே. ஆயினும் 1973இல் ஐரோப்பியக் கூட்டில் சேர்ந்த பிரித்தானியா 2020இல் வெளியேறியது. தங்கள் சட்டங்களைத் தொலைவில் உள்ளவர்கள் ஆக்குகிறார்கள் என்ற மனக்குறை அங்கே பலருக்கு இருந்தது.

1931இல் பாப்பரசர் 11ஆம் பத்திநாதர் விடுத்த சமூகச் சுற்றுமடல் இதற்கு ஓர் அளவுகோல் தருகிறது: சிறிய சமூகம் தானே செய்யக்கூடியதைப் பெரிய அமைப்பு பறித்துக்கொள்ளலாகாது. ஐரோப்பாவுக்கு மட்டுமா இது? கொழும்புக்கும் பொருந்தும். ஒப்பந்தம் எழுதுமுன் இரணைமடுவின் கீழ் நெல் விதைப்பவரையும், முல்லைத்தீவுக் கடற்றொழிலாளரையும், வவுனியாவில் உழுந்து போடுபவரையும் யாராவது கேட்பார்களா?

என் எண்ணத்தைச் சொல்கிறேன்: சேரலாம், ஆனால் பட்டியலைப் பார்த்துச் சேரலாம். 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த இந்திய, இலங்கை ஒப்பந்தத்தில் தீர்வை குறைக்கப்படாத பொருட்களுக்கென ஒரு பட்டியல் இருந்தது. நம் விவசாய விளைபொருட்கள் பல அதில் காக்கப்பட்டன. அடுத்த முறை வாக்குக் கேட்டு வருபவரிடம், புதிய பட்டியலில் மிளகாயும் வெங்காயமும் நெல்லும் உண்டா என்று கேளுங்கள்.